பாப்பாவுக்குக் காது இல்லை

என் தங்கச்சி மகள் என்னை முதன்முதலில் நேரில் பார்த்ததும் போட்ட கூச்சலில், அவர்கள் கோழிப் பண்ணையின் மூன்று கொட்டகையிலும் கோழிகள் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டன. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பத்து வருடமாக ரிக் லாரியில் போர்வெல் போடுகிறவன் நான். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் படுத்துத் தூங்குவேன். எனக்கே காது அடைத்துவிட்டது.

எங்கள் பக்கம் பெண் குழந்தை என்றால் பெயர் என்னவாக இருந்தாலும் அம்மிணிதான். இங்கேயும் அம்மிணி என்றே சொல்கிறேன். அப்போது அவளுக்கு இரண்டே முக்கால் வயது. பயந்து அழுதாள் என்று நினைக்க வேண்டாம். கோபத்தில் அழுதாள். அவள் கையில் தங்கச்சியின் செல்போன் இருந்தது. அதை நீட்டி, அதுதான் மாமா, நீ யார் என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துக் கத்தினாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வருடத்தில் ஒன்பது மாதம் வடக்கேதான் கிடக்கும். சத்தீஸ்கர் முடிந்தால் ராஜஸ்தான். மழை பிடித்து வேலை நின்றால்தான் ஊர்ப் பக்கம் திரும்புவோம். அவள் பிறந்த பிறகு இரண்டு மழைக்கும் ஏதோ ஒரு காரணத்தால் நான் வரவில்லை. ஆனால் தினமும் வீடியோ காலில் பேசுவேன். என் போட்டோவை அழுத்தினால் மாமா வருவார் என்று பேச்சு வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். ஆகவே அவளைப் பொறுத்தவரை மாமா என்பவர் உள்ளங்கை அகலம். கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. சார்ஜ் போட்டால் உயிர் வரும். அந்த மாமாவுக்கு அவள் முத்தம் கொடுப்பாள், முறுக்கு ஊட்டுவாள், தலையில் எண்ணெய்கூட வைத்திருக்கிறாள். தங்கச்சியின் போன் அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசவில்லை.

அப்படிப்பட்ட மாமா ஆறடி உயரத்தில், மீசையும் கையும் காலுமாக வாசலில் வந்து நின்றால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்?

சாதாரண நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் அவளுக்குக் காதுகுத்து. எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்கு மொட்டை அடிப்பதும் காது குத்துவதும். மொட்டையை நான் ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தேன். எழுநூறு அடி ஆழத்தில் துளைக்கிற பிட் மாட்டிக்கொண்டு, வண்டியை விட்டு நகர முடியாமல் ராஜஸ்தான் வெயிலில் நின்றிருந்தேன். என் பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்து மொட்டை அடித்தார்கள். போட்டோ வந்தது. அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கி, என் மடி இருக்க வேண்டிய இடத்தில் இருந்த அவன் மடியை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளைக்கு இரண்டு காது. குத்துவது ஒரு தடவை. இதையும் விட்டுவிட்டால் அப்புறம் அவள் கல்யாணத்துக்குத்தான் எனக்கு வேலை.

அன்று மாலையே ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

“புள்ள உம்பட மூஞ்சியப் பாத்தாலே அழுகறாளாமா. அழுகற புள்ளைய அமுக்கிப் புடிச்சுக் காது குத்தறது பாவம் சாமி. மொட்டைக்கு உக்காந்த உங்கண்ணன் மடியிலயே உக்கார வெச்சுக்கலாம். அவங்கிட்ட நல்லாப் போறா.”

அம்மா சொன்னது நியாயம். அதனால்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “பன்னண்டு நாள் இருக்குதில்ல? அதுக்குள்ள உக்காருவா பாரு” என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகுதான் பன்னிரண்டு நாளையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

கல்யாணம் ஆகாதவன் நான். ரிக் வண்டிக்காரனுக்குப் பெண் கிடைப்பது பற்றி இங்கே பேசப் போவதில்லை. பேசினால் கதை திசைமாறிவிடும், எனக்கும் ரத்தக்கொதிப்பு வரும். எனக்காகக் காத்திருக்கப் பெண்டாட்டி பிள்ளை இல்லாததால், பன்னிரண்டு நாளும் தங்கச்சி வீட்டிலேயே தங்குவது என்று முடிவு செய்தேன். நாமக்கல்லுக்குக் கொஞ்சம் வெளியே தோட்டங்காட்டுக்குள் அவர்கள் வீடு. வீட்டை ஒட்டியே பண்ணை. மாப்பிள்ளை தங்கமான மனிதர். கோழியைக்கூட அதட்டிப் பேசமாட்டார்.

வடக்கிலிருந்து ஒரு பெரிய பொம்மை வாங்கி வந்திருந்தேன். வயிற்றை அழுத்தினால் கண்ணில் சிவப்பு விளக்கு எரியும், இந்தியில் பாடும். மறுநாள் காலை அதை அவள் முன்னால் வைத்து அழுத்தினேன். பொம்மை பாடியது. அம்மிணி அலறினாள். அலறலைக் கேட்டு பொம்மை இன்னொரு பாட்டுக்குப் போனது. நிறுத்துகிற இடம் எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை வந்து பொம்மையைத் துண்டில் சுருட்டி, முட்டை அடுக்குகிற அறையில் பரணுக்கு மேல் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். பேட்டரி தீரும்வரை அது அங்கேயிருந்து பாடிக்கொண்டிருந்தது.

“அண்ணா, அவ கடைச் சாமானையே தொடமாட்டா. கரண்டி, வெளக்கமாத்துக் குச்சி, முட்டை அட்டை, இதுதான் அவளுக்கு வெளையாட்டு. நீயா கையில எதாச்சும் செஞ்சு குடு பாக்கலாம்” என்றாள் தங்கச்சி.

கையில் செய்வதா! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாட்டின பிட்டை மேலே எடுத்த கை இது. ஒரு பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் செய்யத் தெரியாதா என்று மார்தட்டிக்கொண்டு பண்ணையின் பட்டறைக்குள் நுழைந்தேன்.

முதலில் ஒரு கிலுகிலுப்பை செய்தேன். ரிக் வேலை செய்கிறவனுக்கு ஒரு நோய் உண்டு. எதைச் செய்தாலும் ஆயிரம் அடி ஆழத்தில் தாங்குகிற மாதிரிதான் செய்வான். இரண்டு அங்குல இரும்புக் குழாயை முழ நீளத்துக்கு அறுத்து, உள்ளே பழைய பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டுகளைப் போட்டு, இரண்டு பக்கமும் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். பிசிர் தட்டி, அரம் போட்டு, சிவப்பு பெயின்ட் அடித்தேன். வேலைப்பாடு என்றால் வேலைப்பாடு. எந்த ஆட்டம் போட்டாலும் உடையாது என்று பெருமையாக ஆட்டிக் காட்டினேன். மலையிலிருந்து ஜல்லி லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. அம்மிணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மாவின் சேலைக்குள் புகுந்தாள். தூக்கிப் பார்க்கலாம் என்று கை நீட்டிய மாப்பிள்ளையின் கால் கட்டைவிரல் மேல் அது விழுந்தது.

மறுநாள் காலை மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டார்.

“மச்சான், ஒண்ணுமில்லீங்க. நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது. நேத்துச் சத்தத்துல கோழிங்க கொஞ்சம் பயந்துக்கிச்சுங்க. இன்னிக்கு முட்டை கொறஞ்சு போச்சுங்க.”

பிள்ளையை மடியில் உட்கார வைக்க வந்தவன், கோழியை முட்டை போட விடாமல் செய்துவிட்டேன். கிலுகிலுப்பை இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. கொட்டகைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

வெல்டிங் வேண்டாம், இலேசாக எதையாவது செய் என்று தங்கச்சி உத்தரவு போட்டாள். முட்டை அட்டை மூலையில் மலையாகக் கிடந்தது. அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிசைந்து, குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி மாவில் பசை காய்ச்சி ஊற்றி உருட்டினால் களிமண் மாதிரி வரும் என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். யானை செய்வது என்று தீர்மானித்தேன். மூன்று நாள் பிடித்தது. உடம்பு ஒரு நாள், கால் ஒரு நாள், தும்பிக்கைக்கு ஒரு நாள். தும்பிக்கை இரண்டு தடவை அறுந்து விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே கம்பி வைத்து நிறுத்தினேன். இவ்வளவு நேரமும் அம்மிணி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பினால் தலை மறைந்துவிடும்.

யானையை வெயிலில் காயவைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அங்கேதான் தப்புச் செய்தேன். கூண்டுக் கோழிகள் உள்ளே இருந்தாலும், வீட்டுக்கென்று நாலைந்து நாட்டுக்கோழிகள் வாசலில் மேயும். கிழங்கு மாவுப் பசை என்றால் கோழிக்கு விருந்து. நான் திரும்பி வந்தபோது என் யானைக்குக் காது போயிருந்தது, வால் போயிருந்தது, தும்பிக்கை இருந்த இடத்தில் வெறும் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சேவல் ஒன்று அதன் முதுகில் ஏறி நின்று கொத்திக்கொண்டிருந்தது. “டேய்!” என்று செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஈரத்தில் வழுக்கி யானை மேலேயே விழுந்தேன்.

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். அம்மிணிதான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் சேற்றோடு எழுந்து, அவளைப் பார்த்து நானும் சிரித்தேன். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்து நாள் போய்விட்டது. கையில் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் எனக்கு யாரையும் சந்தோஷப்படுத்துகிற ஆசையே இல்லை. சும்மா இருக்கத் தெரியாத கை என்பதால், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என் பழைய நீலக் கட்டம் போட்ட கைலியைக் கிழித்து ஒரு துணி பொம்மை தைக்க ஆரம்பித்தேன். ஊசி, தீவன மூட்டை தைக்கிற கோணி ஊசி. நூலும் சாக்கு நூல்தான். உள்ளே அடைப்பதற்கு லாரிக்காரன் கையில் எப்போதும் இருக்கிற வேஸ்ட், அதாவது மில்லில் கழிந்த நூல் பந்து, கிரீஸ் துடைப்பதற்கு வைத்திருப்போம். முடிக்கு, என் பைக்கில் தொங்கிய கறுப்புக் குஞ்சம். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கண்ணுக்குப் பொத்தான் வைத்தால் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள் என்று நூலாலேயே இரண்டு முடிச்சுப் போட்டேன். ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் அமைந்து, எந்நேரமும் எதையோ சந்தேகப்படுகிற முகமாக அது வந்தது. யாருக்கும் கொடுக்கவில்லை. பக்கத்திலிருந்த முட்டை அட்டை அடுக்கின் மேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

குளித்துவிட்டு வந்தால் பொம்மை இல்லை. சேவலைச் சந்தேகப்பட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். உள்ளே தங்கச்சியின் குரல் கேட்டது.

“அய்யோ, என்னடி அம்மிணி இது, டீசல் நாத்தம்! கீழ போடு! அண்ணா, லாரியில தொடச்ச வேஸ்ட்டயா உள்ள வெச்சுத் தெச்ச?”

வைத்துத்தான் தைத்திருந்தேன். புது வேஸ்ட் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்து வருடத்தில் டீசல் வாசம் என் மூக்குக்குத் தெரியாமல் போய்விட்டது. தங்கச்சி பொம்மையைப் பிடுங்கி வயிற்றைப் பிரித்து, பழையதை எடுத்து எறிந்துவிட்டுப் பஞ்சு அடைத்து, கைலியையும் சோப்புப் போட்டு அலசினாள். அது காய்கிறவரை அம்மிணி கொடிக்கு அடியிலிருந்து நகரவில்லை. பொம்மையின் ஈரக் காலைப் பிடித்தபடியே நின்றாள்.

அன்று முதல் அது “பாப்பா” ஆனது. சாப்பிடும்போது பாப்பா, தூங்கும்போது பாப்பா. நான் அறைக்குள் வந்தால் மட்டும் பாப்பாவின் சந்தேகக் கண்ணைக் கையால் மூடிவிடுவாள், நான் தெரியக் கூடாதாம்.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஏழாம் நாள் எனக்கு ஒரு புத்தி வந்தது. தீவன அறைக்குள் போய், மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தங்கச்சி போனுக்கு வீடியோ கால் போட்டேன். ஒரு வாரமாக என்னைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தவள் போல ஓடிவந்து எடுத்தாள்.

“மாமா! எங்க போன?”

“இங்கதான் கண்ணு இருக்கறேன். என்ன பண்றீங்க?”

“பாப்பா பாரு மாமா.” பொம்மையின் முகம் திரை முழுக்க வந்தது. அப்புறம் அவள் குரலைத் தாழ்த்தினாள். “மாமா, இங்க ஒரு ஆளு வந்துருக்குது. மீச. நம்மூட்லயே இருக்குது. போகவே மாட்டீங்குது. நீ வந்து அடி மாமா.”

மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். தவிட்டுத் தூசு ஏறித் தும்மினேன். என்னைப் பற்றி என்னிடமே ஒரு ஆள் புகார் கொடுத்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்த பிறகு ஒரு ஓரத்தில் வலித்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“அடிச்சரலாம் கண்ணு. பாப்பாவுக்கு எதாச்சும் வேணுமா?”

“தொட்டில் வேணும்.”

அரை மணி நேரத்தில் பாப்பாவுக்குத் தொட்டில் தயார். சாக்கில் ஒரு சதுரம் வெட்டி, நான்கு மூலையிலும் கயிறு கோத்து, சாப்பாட்டு மேசைக் கால்களில் கட்டிவிட்டு மறைந்துகொண்டேன். பார்த்துவிட்டுக் குதித்தாள். உடனே போனை எடுத்து என் போட்டோவை அழுத்தினாள். மூட்டை நடுவில் என் போன் அடித்தது.

அதற்குப் பிறகு நான்கு நாள் நடந்ததெல்லாம் திருவிழாதான். அவள் போனில் ஆர்டர் போடுவாள். நான் தீவன அறையிலிருந்து செய்து அனுப்புவேன். முட்டை அட்டையில் மூன்று குழியை அறுத்துப் பாப்பாவுக்குச் சோபா. தீப்பெட்டிகளை ஒட்டி, சோடா மூடியைச் சக்கரமாக வைத்து ஒரு லாரி. அதன் முகப்பில் எலுமிச்சம்பழத்துக்குப் பதில் ஒரு நெல்லிக்காய். தேங்காய்ச் சிரட்டையில் அடுப்பும் சட்டியும். வெண்டைக்காயை நறுக்கிப் பெயின்டில் தோய்த்துப் பாப்பாவின் சேலையில் பூப் போட்டேன். தங்கச்சி இரவுக் குழம்புக்கு வைத்திருந்த வெண்டைக்காய் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் “பாப்பாவுக்கு ஜட்டி” என்று ஆர்டர் வந்தது. மாப்பிள்ளையின் கைக்குட்டை போயிற்று. பாவம், அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, “இன்னிக்கு என்ன ஆர்டருங்க மச்சான்?” என்று மட்டும் கேட்பார். நான் என்ன செய்கிறேன், எவ்வளவு நாள் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோனது. வாழ்க்கையில் பூமியைத் துளைப்பதைத் தவிர ஒன்றும் செய்யாத ஒருவன், ஒரு பொம்மையின் சேலை மடிப்பு நேராக வரவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தங்கச்சிதான் நினைவுபடுத்தினாள். “அண்ணா, நாளைக்கழிச்சு காதுகுத்து. அவ போனுக்கு மாமன்ங்கறா. உன்னய ஆளுங்கறா. போனையா மடியில உக்கார வெக்கறது?”

எனக்குச் சுருக்கென்றது.

பதினொன்றாம் நாள் காலை அவள் கால் போட்டாள். வீட்டில் எல்லோரும் காதுகுத்து என்று பேசிப் பேசி, அவளும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, பாப்பாவுக்குக் காது இல்ல.”

பார்த்தால், உண்மை. கை கால் கண் முடி எல்லாம் வைத்தவன் காது வைக்க மறந்திருக்கிறேன்.

“காது இல்லாட்டி எப்படிக் குத்தறது? காது வேணும் மாமா. இங்க வேணும். இங்க. நல்லாப் பாரு...”

அவளுக்கு எனக்குச் சரியாகக் காட்ட வேண்டும் என்கிற அவசரம். போனைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்காக நடந்தாள். வீட்டுக்கு வெளியே வந்தாள். நான் “தெரியுது கண்ணு, தெரியுது” என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் அவளுக்குப் போனிலும் தீவன அறையிலுமாக இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறது. திரையில் தீவன அறையின் கதவு பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் நிமிர்ந்தபோது கதவும் இருந்தது, கதவில் அவளும் இருந்தாள்.

மூட்டைக்கு நடுவில் நான். என் கையில் போன். போனில் அவள்.

அவள் அழவில்லை. நடந்து வந்து என் கையிலிருந்த போனை வாங்கினாள். அதில் தன் முகத்தைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மீசையை, கையை, காலடியில் கிடந்த சாக்கு நூலை, பாப்பாவுக்காகப் பாதி செய்த மரக்கட்டிலை. போனைத் தரையில் வைத்துவிட்டுப் பாப்பாவை இறுக்கிப் பிடித்தபடி திரும்பிப் போய்விட்டாள்.

அன்று முழுக்க அவள் யார் போனையும் தொடவில்லை. ஆர்டர் ஒன்றும் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. நேரில் இருக்கிற மாமனைத்தான் அவள் ஏற்கவில்லை என்றால், போனில் இருந்த ஒரு மாமனையும் நானே கெடுத்துவிட்டேன். இனி வடக்கே போனால் அந்த வீடியோ காலும் இருக்காது.

மறுநாள் காலை குலதெய்வக் கோயிலில் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடியாகிவிட்டது. அம்மா எனக்காக எடுத்து வந்திருந்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டு, வேப்பமரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்தேன். எதிரே ஆசாரி கம்பியோடு தயாராக இருந்தார். பெரியப்பா மகன் கொஞ்சம் தள்ளி, கையில் பிஸ்கட்டோடு நின்றான். அவனும் புது வேட்டிதான் கட்டியிருந்தான். எதற்கும் தயாராக வந்திருக்கிறான்.

அம்மிணியைத் தங்கச்சி தூக்கி வந்து என் பக்கம் நீட்டினாள். பிள்ளை உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு திமிறினாள். கீழே இறக்கிவிட்டதும் நான்கடி தள்ளிப் போய், பாப்பாவைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. வரவும் இல்லை.

“நல்ல நேரம் போகுது சாமி. பரவால்ல, எந்திரி. அண்ணன் உக்காரட்டும்” என்றாள் அம்மா, மெதுவாக.

அண்ணன் பிஸ்கட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான். நான் எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். அப்போதுதான் எனக்கு அந்த ஆர்டர் நினைவு வந்தது. இத்தனை நாளில் அவள் கேட்டு நான் செய்து கொடுக்காதது அது ஒன்றுதான்.

“இருங்க. பாப்பாவுக்குக் காது இல்ல. காது இல்லாம எப்படிக் குத்தறது?” என்றேன் ஆசாரியைப் பார்த்து. புது வேட்டியின் முனையைப் பல்லில் கடித்து இழுத்தேன். டர்ரென்று கிழிந்தது. “அய்யோ, புது வேட்டிடா!” என்று அம்மா தலையில் கை வைத்தாள். கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன். துண்டை இரண்டாகக் கிழித்துச் சுருட்டி முடிச்சுப் போட்டேன். தங்கச்சி தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை உருவி, பூவை உதிர்த்து நூலை எடுத்தேன். அவளுடைய சேப்டி பின்னை வாங்கினேன். கடைசியாக, பொம்மைக்காக அம்மிணியிடம் கையை நீட்டினேன். அவளைப் பார்க்கவில்லை. கை மட்டும்.

கொஞ்ச நேரம் கழித்துக் கையில் பாப்பா வந்து விழுந்தது.

குனிந்து தைத்தேன். பின்னைக் குத்தி ஓட்டை போட்டு, நூலை நுழைத்து இழுத்தேன். விரலிலும் ஒரு தடவை குத்திக்கொண்டேன். என் காதோரம் ஒரு சின்ன மூச்சுச் சத்தம் கேட்டது.

“அங்க இல்ல. அக்கட்ட.”

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைத்தேன்.

“இன்னும் மேல.”

மேலே வைத்தேன். ஒரு காது வெற்றிலை அளவு, ஒரு காது புளியங்கொட்டை அளவு. அவள் இரண்டையும் இழுத்துப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். நான் பாப்பாவை என் மடியில் உட்கார வைத்தேன். ஆசாரி நல்ல மனிதர், விளையாட்டைப் புரிந்துகொண்டார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, சேப்டி பின்னால் பாப்பாவுக்கு முறையாக இரண்டு காதும் குத்தினார். பாப்பாவுக்காக நான் “அய்யோ, அம்மா” என்று கீச்சுக் குரலில் அழுதேன். முப்பத்து நான்கு வயது ஆள், கிழிந்த வேட்டியோடு, ஊர் நடுவில்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மிணி சிரிக்கவில்லை. “அழுவாத பாப்பா” என்றாள். என் மடியில் சொகுசாகச் சாய்ந்திருந்த பாப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகம் மாறியது. பாப்பாவின் காலைப் பிடித்து ஒரே இழுப்பு.

“எறங்கு. இது எம்பட மாமன்.”

பாப்பாவைக் கீழே தள்ளிவிட்டு, என் முழங்காலைப் பிடித்து ஏறி, மடியில் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் காது குத்தியதையும் அவள் கோயிலே அதிர அலறியதையும் என் மூக்கில் ஒரு குத்து விட்டதையும் நான் பாதிதான் பார்த்தேன். எனக்குக் கண் தெரியவில்லை. அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன் என்று அண்ணன் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் கொடுத்த பிஸ்கட்டை அவளும் நானும் பாதிப் பாதி தின்றோம்.

விக்கி விக்கி அழுது ஓய்ந்த பிறகும் அவள் மடியை விட்டு இறங்கவில்லை. தங்கச்சியிடம் கையை நீட்டி போனைக் கேட்டாள். என் போட்டோவை அழுத்தினாள். என் சட்டைப் பையில் போன் அடித்தது. அவள் பைக்குள் கையை விட்டு, அதை எடுத்து, என் கையில் வைத்தாள்.

“எடு மாமா.”

எடுத்துக் காதில் வைத்தேன். அவளும் காதில் வைக்கப் போய், வலித்ததும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

“மாமா, காது வலிக்குது.”

“எந்தக் காது கண்ணு?”

“ரெண்டும்” என்றாள், என்னைப் பார்த்து.